குசினிக்கு ஒரு வாக்கு

அந்த எண்ணம் எனக்கு வந்தது லண்டன் ரயிலில், கிளப்பம் ஜங்ஷனுக்குச் சற்று முன்னால். காரணம் எதுவும் சொல்லாமல் ரயில் நின்றிருந்தது. தோர்ண்டன் ஹீத்தில் ஏறி விக்டோரியா போய்ச் சேருவதற்குள் நாற்பது பக்கம் படித்து முடிக்க வேண்டும். வீட்டில் படித்திருக்க வேண்டிய நாற்பது பக்கம். சரித்திரத்தில் முதுகலை படிக்கிற நான் பெரும்பாலும் சரித்திரத்தை ரயிலில்தான் படித்தேன்.

அவை ஒரு வாக்குவாதத்தின் குறிப்புகள். ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தேழாம் ஆண்டு. இங்கிலாந்து அரசனோடு போரிட்டு வென்ற படை, தேம்ஸ் கரையில் பட்னி என்ற ஊரில் தங்கியிருக்கிறது. அரசன் காவலில் இருக்கிறான். இனி நாட்டை ஆளப்போகிறவர்களை யார் தேர்ந்தெடுப்பது? ஒரு பக்கம் தளபதிகள். மறுபக்கம், சாதாரணச் சிப்பாய்கள் தங்களுக்குள் தேர்ந்து அனுப்பிய ஆட்கள். ஓர் ஆட்சிக்குக் கீழே வாழ வேண்டியவன், எவ்வளவு ஏழையானாலும், அதற்குத் தன் வாயால் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள் சிப்பாய்களின் பக்கத்தவர்கள். தளபதிகளின் பக்கத்திலிருந்து பதில் வருகிறது: நிலம் இருக்கிறவனுக்குத்தான் நாட்டின்மேல் நிலையான அக்கறை இருக்கும், இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவனுக்கு என்ன பிடிப்பு? அப்படியென்றால் நாங்கள் எதற்காகச் சண்டை போட்டோம் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் தலையை நிமிர்த்தினேன். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளங்கள்தான். எனக்குத் தெரிந்தது எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் யாப்பு, அதாவது அதன் சட்டவிதிகள். அதில் மூன்றாவதோ நான்காவதோ விதி: பிள்ளை படிக்கும் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அவ்வளவுதான். பிள்ளைதான் நிலம். பிள்ளை இல்லாதவர், பதினெட்டு வருடம் அந்தப் பள்ளிக்காக நின்று உழைத்தாலும், அதன் பொதுக்கூட்டத்தில் கை தூக்க முடியாது.

சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை.

ரயில் நகர்ந்தது. அன்றைய வகுப்பில் நான் பேசிய பேச்சில் ஆசிரியருக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஜெர்மனியில் வாழ்ந்தவர். சித்தப்பா அங்கே இறந்த பிறகு எங்களிடம் வந்தார். எனக்கு அப்போது ஐந்து வயது. வந்த முதல் சனிக்கிழமை, வீட்டில் தனியே விட மனமில்லாமல், அம்மா அவரையும் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போனார். பள்ளி என்றால் வாடகைக்கு எடுத்த ஒரு தேவாலய மண்டபம். குசினியில் சமையலுக்கு ஒரு கை குறைகிறது என்று யாரோ சொல்ல, சின்னம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். பிறகு வெளியே வரவே இல்லை என்று எங்கள் வீட்டில் பகிடி. ரோல்ஸ், வடை, கடலை, பெரிய அண்டாவில் தேத்தண்ணி. ஐந்து பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். எல்லோரும் பிள்ளைகள் வளர்ந்து போனவர்கள், சின்னம்மா ஒருவரைத் தவிர. குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மரக்கதவு வைத்த ஒரு ஜன்னல். ஒன்பதரைக்கு அந்தக் கதவை மேலே தள்ளினால் எந்தப் பிள்ளைக்கு உறைப்பு ஆகாது, எது காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதெல்லாம் சின்னம்மாவுக்குப் பார்த்தவுடனே தெரியும். நான் படித்த காலத்தில் என்னைவிட என் சிநேகிதிகளுக்குத்தான் பெரிய ரோல்ஸ் கிடைத்தது. வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் கொடுக்கலாம் என்பது அவர் நியாயம்.

இந்த நாட்டிலும் அவருக்குப் பாதி வாக்குத்தான். அம்மா இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறார். பொதுநலவாய நாட்டுக்காரர் என்பதால் எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். சின்னம்மா ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்தபோது பழையதை விட்டுவிட்டார். அதனால் கவுன்சில் தேர்தலில் வாக்கு உண்டு, நாடாளுமன்றத் தேர்தலில் இல்லை. போன பொதுத்தேர்தலன்று எங்களோடு வாக்குச்சாவடி வரைக்கும் நடந்து வந்து, அம்மாவின் கைப்பையையும் வாங்கிக்கொண்டு, கேற்றடியில் நின்றார். அங்கே வாக்களிக்க வந்தவர்கள் கட்டிவைத்த இரண்டு நாய்கள் நின்றன. நீங்கள் போட்டுவிட்டு வாருங்கள், நான் இவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மண்டபம் ஒழுகியது. மூன்று வகுப்புகளை ஒரே கூடத்தில் பலகைகளால் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்றில் திருக்குறள் சொன்னால் அடுத்ததில் பெருக்கல் வாய்ப்பாடு பிழையாயிற்று. நிர்வாகக் குழு வேறொரு கட்டடம் பார்த்திருந்தது: பத்து நிமிட பஸ் தூரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி, வகுப்பறைகள், திரைகள், ஹீட்டர். ஆனால் அங்கே குசினியைத் தரமாட்டார்கள். சமைத்த சாப்பாடு உள்ளே கொண்டுபோகவும் கூடாது. போவதா, இங்கேயே இருப்பதா என்பதைப் பொதுக்கூட்டம் முடிவு செய்யும். போவதென்றால் சின்னம்மாவின் சனிக்கிழமைகள் முடிந்தன. அந்த முடிவில் அவருக்குக் கை தூக்க உரிமை இல்லை.

நான் தமிழ்ப் பள்ளியில் தொண்டர் ஆசிரியை, மூன்றாம் வகுப்புக்கு. எனக்கும் வாக்கு இல்லை. என் திட்டம் ரயில் விக்டோரியா சேர்வதற்குள்ளேயே தயாராகிவிட்டது. முதலில் யாப்பைத் திருத்த வேண்டும்: சனிக்கிழமைகளில் பள்ளிக்காக வேலை செய்கிற எல்லோருக்கும் வாக்கு. பிறகு அந்த வாக்குகளால் கட்டட மாற்றத்தைத் தோற்கடிக்க வேண்டும். நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பட்னி, படைவீரர்கள், சம்மதம், இறைமை, எல்லாம் அதற்குள் வந்தன. என்னோடு சேர்த்து ஆசிரியர்கள் பதினொரு பேர்; மற்றப் பத்துப் பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். குசினியில் இருந்த ஐந்து பேரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. அவர்களுக்காகத்தானே எழுதுகிறேன், அவர்களிடம் எதற்குக் கேட்பது என்று நினைத்தேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நினைக்கவே இல்லை.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவைப் பட்னிக்கு அழைத்துப் போனேன். பாலத்தடியில் அந்தத் தேவாலயம் இன்னும் இருக்கிறது. உள்ளே சுவரில் அந்த வாக்குவாதத்தின் ஒரு வாசகத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். சின்னம்மா குளிர் கோட்டின் பொத்தானைக் கழற்றாமலே மர வாங்கில் உட்கார்ந்து கேட்டார். ஒருவர் சுருக்கெழுத்தில் எல்லாவற்றையும் எழுதினார், அந்தக் குறிப்புகளை இருநூறு வருடத்துக்கு மேல் யாரும் வாசிக்கவில்லை, ஒரு கல்லூரி நூலகத்தில் சும்மா கிடந்தன என்று ஓடி ஓடிச் சொன்னேன். எத்தனை நாள் பேசினார்கள் என்று கேட்டார். நாட்கணக்காக என்றேன். வாக்குரிமை பற்றிய பெரிய சண்டை நடந்தது இரண்டாம் நாள், அது இந்தத் தேவாலயத்தில்கூட இல்லை, பக்கத்தில் ஒரு வீட்டில், அந்த வீடு இப்போது இல்லை என்றும் சொன்னேன்.

"வீடெண்டால் குசினி இருந்திருக்கும்," என்றார் சின்னம்மா. "இவ்வளவு ஆம்பிளையளுக்கும் ஆர் சமைச்சது?"

"அது எழுதேல்லை, சின்னம்மா."

"எழுதமாட்டினம்."

வெளியே ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது, சேற்றில் வாத்துகள். உங்களுக்கும் வாக்கு வாங்கித் தரப்போகிறேன் என்று நடக்க நடக்கச் சொன்னேன். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"வாங்கித் தாறதெண்டு, அதென்ன கடையில விக்கிறாங்களே?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதை அங்கேயே, அந்தப் பாலத்தடியிலேயே, நான் தொடர்ந்திருக்க வேண்டும்.

யாப்புத் திருத்தத்துக்கான முதல் கூட்டம் வகுப்புகள் முடிந்த பின், மண்டபத்தில். அறுபது பேர் இருப்பார்கள். தலைவர் பாரிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து வீடு திருத்தும் வேலை எடுத்துச் செய்பவர். குரலும் கட்டட வேலைக்காரரின் குரல்தான். செயலாளர் மலேசியாக்காரர். படிக்க வந்து, நகரத்தில் பெரிய அலுவலகத்தில் அமர்ந்துவிட்டவர். யாரையும் நோகாமல் பேசுவார்.

நான் எழுந்து கடிதத்தை வாசித்தேன். இரண்டாவது பக்கத்தில் அரசனும் சிப்பாய்களும் வந்தபோது முன்வரிசையில் ஓர் அப்பா கை தூக்கினார். "பிள்ளை, அவங்கள் கடைசியில அந்த ராசாவின்ர தலையை எல்லே வெட்டினவங்கள். எங்கட தலைவருக்கு ஏற்கெனவே கழுத்து நோ. பார்த்து வாசியும்." மண்டபம் சிரித்தது. தலைவர் கழுத்தைத் தடவிக் காட்டினார். எனக்கு உற்சாகம் கூடியது. கூட்டம் என் பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து இன்னொருவர் எழுந்தார். கோபக்காரர் இல்லை; தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு சனிக்கிழமை தவறாமல் கொண்டுவந்து விடுகிறவர். "எல்லாம் சரி. ஆனா பிள்ளை இல்லாதவைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில என்ன அக்கறை? இண்டைக்கு நிப்பினம், நாளைக்குப் போவினம்," என்றார்.

அவர் எங்களைத்தான் சொன்னார், இளம் ஆசிரியர்களை. கல்யாணம் ஆகாதவர்கள், வேலை கிடைத்தால் வேறு ஊருக்குப் போய்விடக்கூடியவர்கள். ஆனால் எனக்கு அந்த நேரம் உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் ரயிலில் படித்த அதே வாதம். அதே வரிசை. ஒரு தளபதி தோர்ண்டன் ஹீத்தில் எழுந்து நிற்கிறார்! அவருக்கு யோசித்துப் பதில் சொல்வதற்கு முன் நான் சந்தோஷப்பட்டேன். அதுதான் என் முதல் பிழை. இரண்டாவது பிழை என் வாயிலிருந்து வந்தது.

"எங்கட சின்னம்மா பதினெட்டு வருசமா அந்தக் குசினிக்குள்ள நிக்கிறா," என்றேன். "அவவுக்குப் பிள்ளை இல்லை. அதுக்காக அவவுக்கு அக்கறை இல்லை எண்டு சொல்லுவீங்களோ?"

அறுபது தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின.

சின்னம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் கொடுப்பதற்காகக் கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவர் நிமிரவில்லை. கோப்பை நிறைந்ததும் அடுத்த கோப்பைக்குக் கேத்திலை நகர்த்தினார், அது நிறைந்ததும் அதற்கடுத்ததுக்கு. பக்கத்தில் நின்ற மற்றப் பெண்கள் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவரைப் பார்க்காமல். பதினெட்டு வருடமாக அந்தப் பெண்கள் தங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதுகூட அவருக்காகக் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். விசேஷ வீடுகளில் முன்னுக்கு வரச்சொல்லி யாராவது தெரியாமல் கூப்பிட்டுவிட்டால் சின்னம்மா தானாகவே வேலை ஏதாவது கண்டுபிடித்துப் பின்னால் போய்விடுவார். ஊரே சொல்லாமல் காப்பாற்றி வந்த ஒன்றை, அவர் பக்கம் பேசுகிறேன் என்று, நான் ஒலிவாங்கியில் சொன்னேன்.

பின்வரிசைக்காரர் உடனே உட்கார்ந்துவிட்டார். தான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் செயலாளர் எழுந்தார். நிலைமையைச் சமாளிக்கத்தான் எழுந்தார். அதை நான் இன்றும் நம்புகிறேன். "தங்கச்சி, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு," என்றார். "டீச்சருங்களுக்கு வாக்கு கொடுத்துடலாம், நானே முன்மொழியுறேன். கிச்சன்ல இருக்கிறவங்க வேற மாதிரி. ஒவ்வொருத்தரும் யாரோ ஒரு குடும்பத்தோட இருக்கிறவங்க. இப்ப உங்களுக்கு ஒரு வாக்கு வருது. உங்க சின்னம்மாவும் உங்க வீட்லதான இருக்காங்க. நீங்க சொல்றபடிதான கை தூக்குவாங்க? அப்புறம் உங்க வீட்டுக்கு ரெண்டு வாக்காயிடும். அது மத்தவங்களுக்குச் சரியா இருக்குமா, சொல்லுங்க."

நான் மனத்துக்குள் எண்ணினேன். பதினொரு ஆசிரியர்கள். பெற்றோர் இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தார்கள். பதினொரு பேர் போதும். குசினியை விட்டுக்கொடுத்தால் குசினியைக் காப்பாற்றலாம்.

"சரி," என்றேன்.

கைகள் உயர்ந்தன. எல்லோருக்கும் நிம்மதி. என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். சின்னம்மாவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே என் பேச்சைப் புகழ்ந்தார்கள்.

மறுநாள் கட்டுரை எழுத அந்த நாற்பது பக்கத்தை மறுபடி எடுத்தேன். எல்லோருக்கும் வாக்கு என்று கேட்டவர்கள் வாக்குவாதத்தின் நடுவில் ஓரிடத்தில் இறங்கி வருகிறார்கள். சரி, வேலைக்காரரையும் பிச்சை வாங்கி வாழ்கிறவரையும் விட்டுவிடலாம், அவர்கள் இன்னொருவருடைய விருப்பத்தில் தொங்கி நிற்பவர்கள், எசமானுக்குப் பிடிக்காததைச் சொல்லப் பயப்படுவார்கள் என்கிறார் அவர்களில் ஒருவர். மற்றவர்களுக்கு வாக்குக் கிடைக்கட்டும் என்று அவர்களைப் பேரத்துக்குக் கொடுத்துவிட்டார். பெண்களை விட்டுக்கொடுக்கவே தேவைப்படவில்லை; அவர்கள் பேச்சிலேயே வரவில்லை. ஓரத்தில் பென்சிலால் நான் முன்பே எழுதியிருந்தேன்: நல்ல தந்திரம். என் கையெழுத்துத்தான். ரப்பரை எடுத்தேன். அழித்தேன். அழித்தாலும் தாளில் பள்ளம் தெரிந்தது.

கட்டடம் பற்றிய இரண்டாவது கூட்டம் மூன்று வாரம் கழித்து. நான் எதிர்பார்த்தபடியே பெற்றோர் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தார்கள். முதியவர்கள், நடந்து வருகிறவர்கள் எல்லாம் பழைய இடம். கார் இருக்கிறவர்கள் புது இடம். பிறகு தலைவர் ஆசிரியர்களைக் கேட்டார். பதினொரு பேரில் ஒன்பது பேர் புதுக் கட்டடத்துக்குக் கை தூக்கினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்த கதிரையில் இருந்தவள், ஒழுக்குக்குக் கீழே வாளி வைத்து நான்கு வருடம் வகுப்பு எடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஸொறி அக்கா. என்ர கிளாசுக்கு ஒரு கதவு வேணும்."

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் அவளிடம் கையெழுத்து வாங்கியபோது வாக்கு வேண்டுமா என்றுதான் கேட்டேன். எதற்குப் போடுவாய் என்று கேட்கவில்லை. குசினியை மூடியவை நான் வாங்கிக் கொடுத்த வாக்குகள். நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. பெற்றோரின் கைகளை மட்டும் எண்ணியபோது பழைய இடத்துக்கு இரண்டு கை கூடுதலாக இருந்தது. இது மட்டும் தெரியும்.

சின்னம்மாவும் நானும் பஸ் தரிப்பில் நின்றோம். மழை இல்லை, ஆனால் ஈரம். எனக்கு அழுகை வந்தது. அவர் தன் பையிலிருந்து கண்ணைத் துடைக்க ரிஷ்யூ எடுத்துத் தந்தார். தந்துவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ எனக்கு வாக்குக் கேட்டனி. நான் எதுக்குப் போடுவன் எண்டு கேட்டனியே?"

"இதிலயே இருக்கிறதுக்குத்தானே, சின்னம்மா..."

"நான் புதுக் கட்டடத்துக்குத்தான் கை தூக்கியிருப்பன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னார். "அந்தக் குளிருக்க சின்னனுகள் இருமிக்கொண்டு இருக்குதுகள். பதினெட்டு வருசமாப் பார்த்துக்கொண்டு நிக்கிறன். எனக்குக் குசினி வேணுமெண்டு அதுகளை அதுக்குள்ள வைச்சிருக்கிறதே?"

"அப்ப உங்களுக்குக் கவலை இல்லையா?"

பஸ் ஒன்று வந்தது. எங்களுடையது இல்லை. அவர் கையசைத்து அதைப் போகவிட்டார்.

"நானே கை தூக்கிப்போட்டு வெளிய வந்திருப்பன்," என்றார். "இப்ப என்னைப் போகச் சொல்லிப்போட்டினம்."

மண்டபத்தில் நான் சொன்ன மற்றதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. திட்டியிருந்தால் நல்லது. அவர் திட்டுவதில் கெட்டிக்காரர். ஒரு தடவை உடைந்த கண்ணாடிக் கோப்பைக்காக என்னை இரண்டு மொழியில் திட்டியவர்.

கடைசிச் சனிக்கிழமை குழு அவர்கள் ஐந்து பேருக்கும் பொன்னாடை போர்த்தியது. படம் எடுத்தார்கள். படத்தில் சின்னம்மா ஓரத்தில் நிற்கிறார், பாதி முகம் வேறொருவருடைய தோளுக்குப் பின்னால். செயலாளர் நல்லதாகப் பேசினார். குசினிதான் இந்தப் பள்ளியின் இதயம் என்றார். கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன், தட்டாமல் இருப்பது எப்படி என்று தெரியவில்லை.

என் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. வாக்குக் கேட்டவர்கள் பேரத்தில் யாரை விட்டார்கள் என்பது பற்றி எழுதியிருந்தேன். அதன் கடைசிப் பகுதியில், பட்னிக்கு இரண்டு வருடம் கழித்து, சிறையிலிருந்த தங்கள் ஆட்களுக்காக மனு எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்குப் போன பெண்களைப் பற்றியும் எழுதினேன். வீட்டுக்குப் போய் வீட்டு வேலையைப் பாருங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மறுபடியும் வேறொரு மனுவோடு வந்தார்கள். பார்வை புதியது, அனுபவித்து எழுதியது போல இருக்கிறது என்று ஆசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். வழக்கமாகப் புள்ளி வந்தால் படிக்கட்டிலிருந்தே கத்திச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருவேன். இந்தத் தடவை எவரிடமும் சொல்லவில்லை.

புதுக் கட்டடம் நல்லது. அதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இருமுவதில்லை. என் வகுப்புக்கும் ஒரு கதவு இருக்கிறது. இடைவேளையில் அவர்கள் பையிலிருந்து கிறிஸ்ப்ஸ் எடுத்து, தனித்தனியாக மேசையில் இருந்து சாப்பிடுகிறார்கள். பெற்றோர் காரிலேயே இருந்துவிடுகிறார்கள், யாரும் யாரோடும் பேசுவதற்கு இடம் இல்லை. சாப்பிடாமல் வந்த பிள்ளை எது என்று எனக்குப் பார்த்தால் தெரிவதில்லை. கேட்டாலும் அதுகள் சொல்வதில்லை.

சின்னம்மா சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார். டிவி போட்டிருக்கிறார், பார்ப்பதில்லை. கொஞ்சப் பேருக்குச் சமைக்க அவருக்குக் கை வரவில்லை. பருப்பும் கத்தரிக்காயும் ஞாயிறு, திங்கள் என்று நீளுகின்றன. அம்மா ஒரு நாள் கோயிலில் அன்னதானத்துக்கு ஆள் வேண்டுமாம் என்று சொல்லிப் பார்த்தார். அங்கே நிறையப் பேர் இருக்கினம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் என்னோடு பேசாமல் இல்லை. வழக்கம்போலத்தான் பேசுகிறார். குடை எடுத்தாயா, சாப்பிட்டாயா. ஆனால் நான் புதிதாகப் படித்த ஏதாவதை ஓடிவந்து சொல்லும்போது முன்பெல்லாம் இடையில் ஒரு கேள்வி கேட்டு என்னை மடக்குவார். இப்போது கேட்டுவிட்டு, நல்லது பிள்ளை என்கிறார்.

செப்டெம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டம். யாப்பை அங்கே மறுபடி திருத்தக் கேட்கலாம். குசினி திரும்பி வராது. ஆனால் பள்ளிக்காக வேலை செய்தவர்களுக்கு, இனிச் செய்யப்போகிறவர்களுக்கு, ஒரு கை இருக்க வேண்டும். கடிதம் இந்தத் தடவை என் தலைக்குள் தயாராக இல்லை. தயாராகத் தொடங்கினால் நிறுத்திவிடுகிறேன், சிரமப்பட்டுத்தான். மற்ற நாலு பெண்களும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும்: இருவர் நோர்பரியில், ஒருவர் மிச்சம் என்ற ஊரில், ஒருவர் மகளோடு வட லண்டனில் எட்மண்டனுக்குப் போய்விட்டார். எட்மண்டனுக்கு மூன்று வண்டி மாற வேண்டும். போகலாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவர் எங்கள் வீட்டில் இருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை வகுப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் சின்னம்மா வெங்காயம் உரிக்கும்போது நானும் ஒரு கத்தி எடுத்துக்கொண்டு எதிரே இருக்கப் போகிறேன். தாள், பேனை எதுவும் இல்லாமல். மறுபடி கேட்பதா, வேண்டாமா? கேட்பதென்றால் என்ன கேட்பது, யார் எழுந்து கேட்பது? வேண்டாம் என்று அவர் சொன்னால் எட்மண்டனுக்குப் போகமாட்டேன். போவோம் என்று சொன்னால், நோர்பரியில் வாசல் மணியை அவர் அடிக்கட்டும்; நான் பின்னால் நிற்பேன். இதற்கெல்லாம் முன்னால் அந்த மண்டபத்தில் நான் சொன்ன வசனத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். அமையாவிட்டாலும் சனிக்கிழமை கேட்டுவிடுவேன்.